கட்டிய பல்லும் கட்டாத நாவும்

1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி நியூயார்க் நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டபோது, ஒரு சாம்ராஜ்யத்தின் சைனியங்களை எதிர்த்து நின்று வென்ற அந்தச் சேனாதிபதியின் வாயில் சொந்தப் பல் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஜான் கிரீன்வுட் என்ற பல் வைத்தியர் நீர்யானையின் தந்தத்தைச் செதுக்கி அவருக்குப் பல் வரிசை செய்து கொடுத்தார். அந்த ஒற்றைப் பல் புகுந்து நிற்பதற்கென்றே அதில் ஒரு துவாரமும் வைத்தார். வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று இன்றளவும் வழங்கிவரும் கதையைக் காட்டிலும் உண்மை விசித்திரமானது. மௌண்ட் வெர்னான் என்னும் அவருடைய மாளிகையில் பாதுகாக்கப்பட்டிருக்கும் செட்டில், ஈயத்தாலான அடித்தகட்டில் மனிதப் பற்களும் மிருகங்களின் பற்களும் கலந்து பதிக்கப்பட்டிருக்கின்றன. 1784-ஆம் வருஷத்துக் கணக்குப் புத்தகத்தில், ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்கு 6 பவுன் 2 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவும் உண்டு. பல் விலைபோகும் பண்டமாக இருந்த காலம் அது, பல்லைக் கொடுத்தவர்களோ பேரம் பேசும் ஸ்திதியில் இல்லாதவர்கள்.

இத்தனை செலவும் சாமர்த்தியமும் சேர்ந்து அவருக்குத் தந்த சௌகரியம் மிகச் சொற்பம். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் பின்புறத்தில் உலோகச் சுருள்வில்லால் பிணைத்திருந்தார்கள். அந்த வில் விரிந்துகொள்ளவே முயலும் என்பதனால், மேல்தட்டு மேலேயும் கீழ்த்தட்டு கீழேயும் அழுந்தி நிற்கும். ஆனால் அதை வாயில் தரித்தவர், சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, தாடையை இறுக்கியே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய் தானே பிளக்கும். 1798-இல் கிரீன்வுட்டுக்கு எழுதிய கடிதங்களில், கட்டிய பல் உதட்டை முன்னே தள்ளிப் பிதுங்கச் செய்கிறது என்று வாஷிங்டன் மனம் நொந்து முறையிடுகிறார். கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் தீட்டிய சித்திரத்தைத் தழுவியே ஒற்றை டாலர் நோட்டின் முகம் அமைந்தது. அந்த இறுகிய வாயைக் கம்பீரத்தின் லட்சணமாக உலகம் போற்றிவருகிறது. என் அபிப்பிராயத்தில், அதில் பாதியாவது சுருள்வில்லின் கைங்கரியம்.

பல் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் பெரும்பாலும் பல்லைப் பற்றியே கேட்கிறார்கள்: வெண்மையாக இருக்குமா, வரிசையாக இருக்குமா, உடையாமல் இருக்குமா என்று. கட்டியபின் வரும் சுகமும் துக்கமுமோ, பிறர் கண்ணுக்குத் தெரியாத அடித்தகட்டினால்தான் பெரும்பாலும் நிர்ணயமாகின்றன. அந்தத் தகடு எங்கே முடிகிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது, எந்த நரம்பையும் எந்தத் தசையையும் விட்டு விலகிப் போகிறது என்பதே பல் செட்டின் அமைப்புக் கலையில் முக்காலே மூன்று வீசம்.

சுருள்வில் இல்லாமலே மேல்செட் நிற்கும் என்பதை மேல்நாட்டார் ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டு வாக்கில், அதுவும் தற்செயலாகவே, கண்டுகொண்டார்கள். பிலடெல்பியாவில் இருந்த கார்டெட் என்ற பல் வைத்தியர், ஒரு சீமாட்டிக்குச் செட் செய்து கொடுத்து, சிறிது நாள் வாயில் போட்டுப் பழகிக்கொள்ளும்படியும் பிறகு வந்து வில் பொருத்துவதாகவும் சொல்லிச் சென்றார் என்றும், மறதியினால் பல மாதம் கழித்துப் போனபோது, வில்லே வேண்டியதில்லை, பல் தானே ஒட்டிக்கொண்டு நன்றாகவே நிற்கிறது என்று அந்த அம்மாள் சொன்னாள் என்றும் பல் வைத்திய சரித்திரம் கூறுகிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினால் பிரிப்பது எவ்வளவு கடினமோ, அவ்விதமே அண்ணத்தின் வடிவத்தை உள்ளபடி தழுவிய தகட்டுக்கும் அண்ணத்துக்கும் இடையே பரவும் மெல்லிய உமிழ்நீர்ப் படலம் இரண்டையும் பிணைத்துவிடுகிறது. தகட்டின் விளிம்பு சுற்றிலும் மெத்தென்ற சதையில் பதிந்து காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டால், வெளிக்காற்றின் அழுத்தமும் கூடவே துணை செய்கிறது. மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடி, கெட்டியான முன் அண்ணமும் அசையும் பின் அண்ணமும் சந்திக்கிற ரேகை வரையில் நீண்டிருப்பது இந்தக் காரணத்தினாலேதான். குமட்டுகிறதே, பின்னால் கொஞ்சம் வெட்டிவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள், மறுநாள் தும்மும்போது பல் வெளியே வந்து விழுகிறது என்று திரும்பி வருகிறார்கள்.

இந்த ரகசியத்தை ஜப்பானியர்கள் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வக்கயாமாவில் வாழ்ந்து 1538-இல் காலமான நகவோகா தெய் என்ற பௌத்த பிக்ஷுணியின் மேல்செட் இன்னும் இருக்கிறது. ஒரே கட்டையிலிருந்து செதுக்கிய மரப்பல் அது; வாஷிங்டனுக்கு இல்லாத மரப்பல் அந்த அம்மையாருக்கு வாய்த்திருந்தது. தேன்மெழுகில் வாயின் அச்சை எடுத்து, அதற்கு இசைய மரத்தைக் குடைந்து, பின்னர் ஈற்றில் சாயம் தடவி மாட்டிப் பார்த்து, சாயம் ஒட்டுகிற மேடுகளை இழைத்து இழைத்துப் பொருத்துவது அந்நாட்டுக் கைவினைஞர்களின் வழக்கம். பௌத்த விக்கிரகங்களைச் செதுக்கிப் பழகிய கைகளே இந்த வேலைக்கும் வந்தன என்று சொல்வார்கள்.

மேல்தாடைக்குக் கிடைத்த இந்தப் பாக்கியம் கீழ்த்தாடைக்கு இல்லை. கீழே அண்ணம் கிடையாது; குதிரை லாடத்தின் வடிவில் ஒடுங்கிய ஒரு வரம்பு மட்டுமே உண்டு. பல்செட் ஊன்றிக்கொள்ளும் பரப்பு மேலே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் கீழே. போதாக்குறைக்கு உட்புறத்தில் நாக்கு, வெளிப்புறத்தில் கன்னத்துத் தசையும் உதடும், அடியில் வாயின் தளம் என்று நான்கு பக்கமும் ஓயாமல் அசையும் அவயவங்கள் சூழ்ந்திருக்கின்றன. தகட்டின் விளிம்பு அரை மில்லிமீட்டர் அதிகமாக நீண்டிருந்தால், நாக்கைத் தூக்கும்போதெல்லாம் தகடும் தூக்கிக்கொள்ளும். குறைவாக இருந்தாலோ, மெல்லும் பாரம் முழுவதும் சிறிய இடத்தில் இறங்கி ஈறு புண்ணாகும். உதட்டுக்கும் ஈற்றுக்கும் இடையே நடுவில் ஒரு சதைக்கயிறு ஓடுகிறதே, கண்ணாடியில் உதட்டை மடித்துப் பார்த்தால் தெரியும், அதற்கு வழிவிட்டு விளிம்பில் ஒரு சிறு வெட்டு வைக்காமற்போனால், சிரித்த ஒவ்வொரு தடவையும் அங்கே கத்தி பட்டாற்போல் எரியும். ஆகையால் பற்களை வரிசைப்படுத்தும்போது, நாக்கு வெளியே தள்ளுகிற பலமும் கன்னம் உள்ளே தள்ளுகிற பலமும் சமமாகிற அந்தக் குறுகிய நடுவிடத்தைத் தேடி அங்கே நிறுத்துவதே புத்திசாலித்தனம். அவ்வாறு நிறுத்திய செட்டை நாக்கும் கன்னமும் இருபுறமும் அணைத்துத் தாங்கும். ஒரு புறமாகத் தள்ளி நிறுத்தினதை அதே நாக்கு நாள் முழுவதும் பிடுங்கி எறியப் பார்க்கும். பல் செட் கட்டிக்கொண்டவர்களிடம் விசாரித்தால், மேலே சரியாக இருக்கிறது, கீழேதான் ஆடுகிறது என்று பத்துப் பேரும் ஒரே பாட்டைப் பாடுவதற்கு இதுவே ஹேது.

தகடு செய்யும் வஸ்துவின் கதை தனியே எழுத வேண்டியது. தந்தம் வாயில் ஊறிக் கறுத்து நாற்றமடிக்கும். தங்கம் எல்லாருக்கும் எட்டாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர் வந்தபிறகே, அச்சில் வார்த்து வாய்க்கு இசைவாகப் பொருந்தும் செட் சாமானிய ஜனங்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமையை வைத்திருந்த கம்பெனி ஒவ்வொரு பல் வைத்தியரிடமும் கட்டணம் கேட்டு ஊர் ஊராக வழக்குத் தொடுத்தது. அதன் பொக்கிஷதாரராகிய ஜோசையா பேக்கன் 1879-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பல் வைத்தியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பொய்ப்பல்லுக்காக நடந்த கொலை இது ஒன்றே இருக்கக்கூடும். 1930-களின் கடைசியில் ஈற்றின் நிறமுள்ள அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்து, பத்தே வருஷத்தில் ரப்பரை அநேகமாக ஒழித்துவிட்டது. இன்றும் நம் ஊர்ப் பல் கடைகளில் கட்டுகிற செட் பெரும்பாலும் அதுவேதான். ஆனாலும் அக்ரிலிக் தகடு உடையாமல் இருக்க இரண்டு மில்லிமீட்டர் கனமாவது வேண்டும்; அது உஷ்ணத்தையும் எளிதில் கடத்தாது. கோபால்ட் குரோமியம் என்னும் கலப்பு உலோகத்தில் வார்த்தால் அரை மில்லிமீட்டரே போதும். அண்ணத்தை அக்ரிலிக் மூடியிருக்கிறவர், சூடு தெரியாமல் கொதிக்கும் காபியை விழுங்கிவிட்டுத் தொண்டையில் இறங்கும்போது திடுக்கிடுவார். உலோகத் தகட்டுக்காரருக்கு அந்த ஆபத்துக் குறைவு, செலவு அதிகம்.

அடுத்தபடியாக உயரம். நாம் வாயை மூடிச் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாஸ்தவத்தில் இரண்டுக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரையில் இடைவெளி இருக்கிறது. அந்த ஓய்வை விழுங்கிவிடும்படி செட்டை உயரமாகக் கட்டிவிட்டால், பேசும்போது பல்லோடு பல் மோதி டக்டக்கென்று சப்திக்கும், தாடைத் தசை சாயங்காலத்துக்குள் சோர்ந்து வலிக்கும், முகமும் ஏதோ கோபித்துக்கொண்டாற்போல் விறைத்திருக்கும். தாழ்த்திக் கட்டினாலோ, மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள தூரம் சுருங்கி, கன்னம் குழிந்து, கடைவாயோரம் மடிந்து எச்சில் தேங்கி வெடிக்கும். அறுபது வயசுக்காரர் எண்பதாகத் தோன்றுவார். முகத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950-களில் ஃப்ரஷ், ஃபிஷர் என்ற இரண்டு அமெரிக்கப் பல் வைத்தியர்கள், கிழவருக்குக் கிழவரின் பல்லையே கட்ட வேண்டும், ஓரம் சற்றுத் தேய்ந்ததாக, ஒன்றிரண்டு லேசாகத் திரும்பியதாக, நிறத்தில் சிறிது மங்கியதாக இருக்க வேண்டும் என்று வாதித்தார்கள். முத்துக் கோத்தாற்போன்ற பல் வரிசை எழுபது வயசு முகத்தில் எத்தனை பொய்யாகப் பளிச்சிடுகிறது என்பதைக் கல்யாணப் பந்தல்களில் எவரும் பிரத்தியட்சமாகக் காணலாம்.

பேச்சுக்கு வருவோம். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்திருப்பவர்களுக்கு, நம் எழுத்துக்கள் வாயில் எவ்வெவ்விடத்தில் பிறக்கின்றன என்று அந்த ஆசிரியர் எவ்வளவு நுட்பமாக வகுத்திருக்கிறார் என்பது நினைவிருக்கும். தகரமும் நகரமும் மேல் முன்பல்லின் அடியில் நாக்கு நுனி பரந்து ஒற்றப் பிறக்கின்றன. வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். டகரத்துக்கும் ணகரத்துக்கும் நாக்கு நுனி அண்ணத்தில் போய் ஒற்றுகிறது. ழகரத்துக்கு அண்ணத்தை வருடுகிறது. பல் கட்டுகிறவருக்கு இதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் கிடைப்பது அரிது. முன்பல்லின் பின்னே தகடு தடித்திருந்தால் தகரம் குழறுகிறது. முன்பல்லை உள்ளே தள்ளி வைத்துவிட்டால் வகரம் பகரத்தின் பக்கம் சாய்கிறது. பற்களுக்குப் பின்னே நாக்கு நுனிக்கு விடும் சந்து குறுகிப்போனால், சீனிவாசா என்று பேரனைக் கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் விசில் வந்து நிற்கிறது. அண்ணம் நெடுகிலும் பளபளவென்று வழுக்கும் தகட்டில் நாக்கு தன் இடத்தைத் தேடித் தவிக்கும் என்பதனால், முன் அண்ணத்தில் இயற்கையாக உள்ள வரிவரியான மேடுகளைத் தகட்டிலும் வார்த்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆங்கில நாட்டில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்குச் செய்த மேல்செட்டோ இதற்கு நேர்மாறான ஒரு நுட்பம். பிறவியிலேயே அவர் பேச்சில் ஸகரம் கொஞ்சம் வழுக்கும். வானொலியில் தேசம் முழுவதும் கேட்டுப் பழகிய அந்தக் குரல் மாறிவிடலாகாது என்பதற்காக, அண்ணத்தோடு முற்றும் ஒட்டாதபடி வேண்டுமென்றே சற்றுத் தளர்த்திச் செய்தார்கள். அவற்றில் ஒன்று லண்டன் ஹன்டேரியன் மியூசியத்தில் இருக்கிறது. பொருத்தம் குறைந்த பல்செட்டே அந்த மனிதருக்குப் பொருந்திய பல்செட்டாயிற்று.

மெல்லும் விஷயத்தில் வீண் ஆசை காட்டுவது பாவம். எவ்வளவு திறமையாகக் கட்டிய முழுச் செட்டானாலும், சொந்தப் பல்லில் இருந்த கடிபலத்தில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஏனெனில் பாரம் எலும்பில் வேரூன்றிய பல்லின் மேல் இறங்காமல் மெல்லிய ஈற்றுத் தோலின்மேல் இறங்குகிறது. சொந்தப் பல்லினர் ஒரு பக்கமாக மெல்லுவர். செட்டுக்காரர் அப்படி மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், ஆகவே இரண்டு கடைவாயிலும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து வைத்து மெல்லப் பழக வேண்டும். கடைவாய்ப்பல்லின் முகடுகளிலும் தேர்வு இருக்கிறது. கூரிய முகடு வைத்தால் கீரையும் கறியும் நன்றாக அறுபடும், ஆனால் ஈற்று வரம்பு தேய்ந்தவருக்கு அதே முகடு செட்டைப் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளும். அவருக்குத் தட்டையான பல்லே நல்லது, அறுப்பது குறைந்தாலும் நிலை தப்பாது. முறுக்கு, சீடை, கரும்பு என்பவற்றுக்கு விடைகொடுத்துவிட்டவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெற்றிலை போடுகிற கிழவி, நூறு ரூபாய் பெறாத சின்ன உரலில் பாக்கையும் வெற்றிலையையும் இடித்துப் பொக்கை வாயில் அடக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவள், பிள்ளைகள் ஆசையாகக் கட்டிக்கொடுத்த பல்லினால் அந்தச் சுகத்தையும் இழந்து, செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு மறுபடி உரலைத் தேடினால், அவளைப் பிடிவாதக்காரி என்று கடிந்துகொள்வது நியாயமாகாது.

இந்தச் சுகதுக்கங்களை அளப்பதற்கும் இப்போது ஏற்பாடு வந்திருக்கிறது. 1994-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்லேட், ஸ்பென்ஸர் என்ற இருவர், வாயினால் வாழ்க்கைக்கு நேரும் இடையூறுகளைப் பற்றி 49 கேள்விகள் அடங்கிய ஒரு பட்டியலை வகுத்தார்கள். வலிக்கிறதா என்பதோடு அது நிற்கவில்லை. வாயை நினைத்துக் கூச்சப்பட்டதுண்டா, வெளியே போவதைத் தவிர்த்ததுண்டா, வீட்டாரிடம் எரிந்து விழுந்ததுண்டா என்றெல்லாம் போகிறது. அத்தகைய கேள்விகளை வைத்து ஆராய்ந்தவர்களுக்கு ஓர் ஆச்சரியமும் கிடைத்தது: நிபுணர் பரிசோதித்து நேர்த்தியானது என்று மதிப்பிடும் செட்டுக்கும், அணிபவர் அடையும் திருப்திக்கும் உள்ள தொடர்பு எதிர்பார்த்ததைவிட மெலிந்ததாகவே இருந்தது. மிகவும் சிக்கலான முறைகளை அனுசரித்துச் செய்த செட்டும், சில படிகளைக் குறைத்து எளிமையாகச் செய்த செட்டும் ஒரே அளவு திருப்தி தந்ததாக மாண்ட்ரியாலில் நடந்த பரீட்சையும் காட்டிற்று. இதைக் கொண்டு அமைப்பில் ஒன்றுமில்லை என்று தீர்மானித்துவிடக் கூடாது. விளிம்பும் உயரமும் பல் நிற்கும் இடமும் பிசகினால் எந்த மனோதைரியமும் துணைக்கு வராது. அவை சரியாகிவிட்டபின் மிஞ்சுகிற வித்தியாசம் பெரும்பாலும் மனிதனைச் சேர்ந்தது. ஹௌஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் நோயாளிகளையே நான்கு வகையாகப் பிரித்து, தத்துவ ஞானிகள், கறார்ப் பேர்வழிகள், உதாசீனர்கள், பதறுகிறவர்கள் என்று பெயரிட்டார். பல் கட்டச் சிறந்தவர் தத்துவ ஞானியே என்பது அவர் கட்சி. அந்த ஞானம் வாய்க்குள் வந்திறங்கக் குறைந்தது ஒரு மாதமாவது ஆகும்.

ஞானிக்கும் தப்பாத ஒன்று எலும்பின் தேய்மானம். பல் பிடுங்கிய முதல் வருஷத்தில் தாடையின் வரம்பு வேகமாகக் கரைகிறது, பிறகு மெல்லக் கரைந்துகொண்டே இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து டால்கிரென் என்ற அம்மையார் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் நான்கு மடங்கு தேய்கிறது. செட் கல்யாணத்தின்போது கட்டினது, இப்போது லூசாகிவிட்டது என்பவரின் செட் அப்படியேதான் இருக்கிறது. தாடைதான் அதை விட்டு விலகிப் போயிற்று. அதற்குப் பரிகாரம், உட்புறத்தில் புதிய பூச்சுக் கொடுத்துப் பொருத்தத்தை மீட்பது. இன்னும் ஸ்திரமான பரிகாரத்துக்கு வித்திட்டவர் ஸ்வீடன் தேசத்துப் பிரானெமார்க்: டைட்டேனியம் உலோகம் எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்வதை 1950-களில் முயல்களிடம் கண்டு, 1965-இல் ஒரு மனிதரின் தாடையில் அதைப் பதித்துப் பல் கட்டினார். 2002-இல் மாண்ட்ரியால் மக்கில் சர்வகலாசாலையில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முன்புறத்தில் இரண்டே இரண்டு டைட்டேனிய முளைகளைப் பதித்து அவற்றின்மேல் செட்டை மாட்டுவதே முதல் சிகிச்சையாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மிகவும் துன்புறுத்திய கீழ்ச்செட்டுக்கு இரண்டு முளைகள் தருகிற நிம்மதி பெரிதுதான். முளைகளின் செலவு இன்னும் நம் நாட்டில் பெரும்பாலோருக்குப் பெரிதாகவே இருக்கிறது.

ஆகையால் சாதாரணச் செட்டையே நம்பியிருப்பவர்கள் இரண்டு சந்தர்ப்பங்களைக் கைநழுவ விடலாகாது. முதலாவது, மெழுகில் பல் பதித்து மாட்டிப் பார்க்கிற நாள். அன்றைக்கு எதையும் மாற்றலாம். பல்லை ஒரு நூல் முன்னே இழுக்கலாம், உயரத்தைக் குறைக்கலாம், நிறத்தை மாற்றலாம். பிளாஸ்டிக்கில் வார்த்தபின் ஒவ்வொன்றும் வம்பு. அன்று கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு, வீட்டார் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு வார்த்தை உரக்கப் பேசிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, செட் கைக்கு வந்த பிறகு வருகிற வாரங்கள். ஈறு எங்கே உறுத்துகிறதோ அங்கே வைத்தியர் தகட்டின் உட்புறத்தில் வெண்மையான ஒரு பசையைத் தடவி மாட்டிக் கழற்றுவார். பசை அழுந்தித் தகடு தெரிகிற இடமே குற்றவாளி, அதைச் சிறிது ராவிவிட்டு மறுபடியும் தடவிப் பார்ப்பார். ஜப்பானியர் சாயத்தைக் கொண்டு செய்த காரியம் இதுதான். வலி பொறுக்காமல் கழற்றி வைத்துவிட்டு, போகிற நாள் மட்டும் மாட்டிக்கொண்டு போனால், புண் ஆறியிருக்கும், இடம் தெரியாது. முந்தின நாள் சிறிது நேரமாவது போட்டிருந்துவிட்டுப் போக வேண்டும். இரவில் செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டுவிட்டால், ஈறும் மூச்சு விடும், பூஞ்சைக் காளானால் அண்ணம் சிவந்து போவதும் குறையும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வாய் உலர்ந்து போகிறவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். உமிழ்நீர் வற்றினால் எந்தத் தகடும் ஒட்டாது. இவ்விதம் நாலைந்து தடவை போய்வருவதைத் தொந்தரவு கொடுப்பதாக எண்ணிக் கூச்சத்தினால் நின்றுவிடுகிறவர்களுடைய செட்டுகள்தாம் அலமாரிகளில் உறங்குகின்றன. கூலி பேசும்போதே, இந்த நடைகளும் அதில் அடக்கமா என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.